கலங்கலில் கட்டாத வலை

வேம்புலியம்மாளிடம் போய் "இது முடியாது" என்று சொல்லிவிட்டு ஒருத்தராவது நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. "இன்னாத்துக்கு முடியாது?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். பதில் சொல்ல வாயைத் திறந்தீர்களோ, போச்சு. அரைமணி நேரம் கழித்து நீங்களே அவளோடு சேர்ந்து சவுக்குக் கழி சுமந்துகொண்டிருப்பீர்கள்.

நாற்பத்தெட்டு வயது. திருநின்றவூருக்கும் வேப்பம்பட்டுக்கும் நடுவில், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம் போனால் வருகிற சித்தேரிதான் அவளுடைய ராஜ்யம். முப்பத்தைந்து ஏக்கர் தண்ணீர். அதில் மீன் வளர்க்கும் உரிமையைப் பதினோரு பெண்கள் சேர்ந்த குழு குத்தகைக்கு எடுத்திருக்கிறது. தலைவி யார் என்று கேட்க வேண்டியதில்லை.

அவளுடைய அப்பா அம்மா இதே ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் இப்போது பொன்மலர் அவென்யூ. நாலு மாடிக் குடியிருப்புகள், லிஃப்ட், வாசலில் செக்யூரிட்டி. வேம்புலியம்மாள் நாற்று நடவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷம் பேக்கிங் வேலை பார்த்தாள். கம்பெனி ஒருநாள் இடத்தைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஜாதி இல்லை இவள். மறுமாதமே காசிமேட்டிலிருந்து விடியற்காலை வண்டியில் கூடையோடு வந்து, ஸ்டேஷன் வாசலில் மீன் விற்க உட்கார்ந்துவிட்டாள்.

ஐஸ் பெட்டியில் எங்கிருந்தோ வருகிற ஏரி மீனையும் சேர்த்து விற்றாள். ஒருநாள் ஒரு ரோகுவின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள், வெளுத்துக் கிடந்தது. "ஏண்டி கோமளா, எட்டு நாள் செத்த மீன காசு குட்த்து வாங்கி விக்கிறோம். நம்ம ஏரி சும்மாத்தானே கீது?" என்று பக்கத்துக் கூடைக்காரியைக் கேட்டாள். கோமளா "அதெல்லாம் நம்மளால முடியாதுக்கா" என்றாள். இப்போது அந்தக் குழுவில் இரண்டாவது பேர் கோமளாவுடையதுதான்.

முதல் வருஷம் பன்னிரண்டாயிரம் விரலளவு குஞ்சு வாங்கி விட்டார்கள். சித்திரை வெயில் வந்தது. இப்போதைய வெயில் பழைய வெயில் இல்லையே. தண்ணீர் வெந்நீராகக் கிடந்தது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகிறது. எழுநூறு மீன் வயிறு தெரிய மிதந்தது. வேம்புலியம்மாள் கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு மீன் வளர்ப்புப் பயிற்சி கொடுத்த சாருக்கு போன் போட்டாள்.

மறு வருஷம் எட்டாயிரம்தான் விட்டாள். "இந்த ஏரிக்கு இது கம்மியாச்சேம்மா" என்றார் அந்த சார். "அம்பது பேர் போற பஸ்ஸுல நூறு பேர ஏத்துனா மூச்சு முட்டாதா சார்?" என்றாள். ஒரு கழியில் வெப்பமானியைக் கட்டி வைத்துத் தினமும் பார்த்தாள். சூடு ஏறினால் தீனியைக் குறைத்தாள். விடியலில் மீன் வாய் பிளந்தால் மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே வாரி அடித்தாள். அதற்கப்புறம் எந்தக் கோடையிலும் கொத்தாக மீன் செத்ததில்லை. வெயிலை ஒரு வழி பண்ணிவிட்டாள் என்றே சொல்லலாம்.

மழையிடம்தான் வசமாக மாட்டிக்கொண்டாள்.

சித்தேரிக்குத் தெற்கே கலங்கல் இருக்கிறது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போகிற கல்கட்டு. அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஏரி வழிகிற அன்று ஊரே கலங்கலுக்குக் கீழே வாய்க்காலில் இறங்கிவிடும். பழைய புடவை, கொசுவலை, அன்னக்கூடை, எது கிடைக்கிறதோ அது. கலங்கலைத் தாண்டிய மீன் பிடித்தவனுக்குச் சொந்தம். குத்தகைக்காரன் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. வேம்புலியம்மாளே பாவாடை கட்டிய வயசில் அங்கே தாவணியில் கெண்டை வாரியவள்தான். அதனால் ஏரியைக் குத்தகைக்கு எடுக்கிறவர்கள் எல்லோரும் மழைக்கு முன்னால் கலங்கலின் குறுக்கே வலை கட்டிவிடுவார்கள். அவளும் கட்டினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகையில் அது நடந்தது. மூன்று மாசம் பெய்ய வேண்டிய மழை மூன்றே நாளில் கொட்டித் தீர்த்தது. ஏரியில் மிதந்த ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் கவரும் மொத்தமாகப் போய் வலையில் அப்பிக்கொண்டன. வலை சுவராகிவிட்டது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் ஏறிக்கொண்டே போய், கரை தாழ்ந்திருந்த இடத்தில் தாவி, பொன்மலர் அவென்யூவின் தரைத்தளத்துக்குள் நுழைந்தது.

அந்தத் தரைத்தளத்தில் ஒரு வீடு அகல்யாவுடையது. கோபிச்செட்டிபாளையத்துக்காரி. ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவள்தான். நனைந்துகொண்டே ஓடி வந்தாள். "வலையை அறுத்து விடுங்க! வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணிங்க! குழந்தை கட்டில் மேல நிக்குது!" என்று கத்தினாள்.

"இரும்மா, இப்ப வடிஞ்சிரும்" என்றாள் வேம்புலியம்மாள்.

வடியவில்லை. இரண்டு மணி நேரம் அவள் வலையை அறுக்கவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் பதினோரு பேருடைய ஒரு வருஷத்து உழைப்பு நீந்திக்கொண்டிருந்தது, கை வரவில்லை. கடைசியில் மீன் அரிகிற கத்தியை எடுத்துக்கொண்டு தானே இறங்கி அறுத்தாள். தண்ணீர் போனது. மீனும் சேர்ந்து போனது. கீழே ஊருக்குத் திருவிழா. அவள் வளர்த்த ரோகு ஒன்று எவனுடைய ஸ்கூட்டரிலோ கால் வைக்கிற இடத்தில் கிடந்து, வால் ரோட்டில் தேய்ந்துகொண்டே போவதைப் பார்த்தாள்.

அந்த இரண்டு மணி நேரத்தை அவள் இன்றைக்கும் யாரிடமும் மறைப்பதில்லை. "பேராச புட்ச்சு நின்னுட்டேன். மீனும் போச்சு, மானமும் போச்சு" என்பாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அகல்யா வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. அகல்யா சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். குழந்தை வர்ஷாவின் நோட்டுப் புத்தகங்கள் ஊறிப்போய் வாசற்படியில் அடுக்கியிருந்தன. அகல்யா நிமிர்ந்து பார்க்காமலே, "உங்க மீனுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்றாள். நாறவாய் என்று பேர் வாங்கியவள் வேம்புலியம்மாள். அன்றைக்கு மன்னிப்புக் கூடக் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாள்.

குத்தகையை ரத்து செய்யச் சொல்லிச் சங்கம் மனு கொடுத்தது. குத்தகை கொடுத்த அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "மழை வந்தா இவங்க மறுபடியும் கட்டுவாங்க சார்" என்றாள் அகல்யா. வேம்புலியம்மாள் எழுந்தாள். "கலங்கல்ல ஒரு நூலு கட்டுனா, நீங்க சொல்ல வாணாம், நானே ஏரிய வுட்டு போய்டறேன்." அந்த வார்த்தையின் பேரில்தான் குத்தகை தப்பியது. அதை மீறினால் ஏரி போகும், பதினோரு பேருடைய பிழைப்பும் அதோடு போகும்.

வெளியே வந்ததும் கோமளா பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, வீராப்பா சொல்லிட்ட. வலை இல்லாம மீனு எப்டி நிக்கும்? நீ நில்லுன்னா நின்னுருமா?"

"யோசிக்கலாம் வா" என்றாள் வேம்புலியம்மாள். உண்மையில் அவளிடம் அப்போது ஒரு யோசனையும் இல்லை.

அடுத்த வருஷ மழையில் ஏரி முக்கால்தான் நிரம்பியது, தப்பித்தார்கள். யோசனை இந்த ஆடி மாசம் வந்தது. திடீரென்று ஒரு மத்தியானம் பேய்மழை. வடக்கே வரத்துக் கால்வாயில் செந்தண்ணீர் ஓடி வந்து ஏரியில் விழுந்தது. அவள் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஏரியில் இருந்த பெரிய மீனெல்லாம் அந்தப் பக்கம் கிளம்பிவிட்டது. முதுகு தெரியத் தெரிய, புதுத்தண்ணீரை எதிர்த்து எதிர்த்து முட்டிக்கொண்டு நின்றது.

"அடியே கோமளா! இதுங்க அல்லாம் தெருவாசல்ல நிக்குதுங்கடி. நாம இன்னாடான்னா கொல்லக் கதவ பூட்டிகினு கீறோம்!"

அப்புறம் தூங்கினாளா அவள்? வரத்துக் கால்வாய் ஏரியில் விழுகிற இடத்தைச் சுற்றி லாடம் மாதிரி வளைத்துச் சவுக்குக் கழி நட்டார்கள். கழியெல்லாம் கரையை விட ஒரு ஆள் உயரம் அதிகம், வெள்ளம் எவ்வளவு ஏறினாலும் மூழ்காது. அதில் நூற்றைம்பது அடிக்கு வலை. வலை அவ்வளவு நீளமாக இருந்தால் அங்கங்கே குப்பை அப்பினாலும் தண்ணீருக்குப் போக இடம் இருக்கும். ஏரியைப் பார்த்து ஒரு வாசல் விட்டார்கள். வாசலுக்கு மேலே ஒரு வலையைச் சுருட்டிக் கட்டினார்கள், கயிற்றை இழுத்தால் விழுந்து மூடிக்கொள்ளும். மீன் கால்வாயில் ஏறிப் போகாமலும் மேலே இருந்து குப்பை வராமலும் இருக்கக் கால்வாயில் கொஞ்சம் தள்ளி ஒரு மூங்கில் படல் நிறுத்தினார்கள். ஆடு மாட்டுக்குப் பட்டி போடுகிற மாதிரி மீனுக்கு ஒரு பட்டி. மழை வரும், மீன் தானாக உள்ளே வரும், வாசலை மூடு, கலங்கலில் தண்ணீர் பாட்டுக்குப் போகட்டும். இவ்வளவுதான் விஷயம்.

"நீ பத்திரிக வெச்சு கூப்ட்டா மீனு வருமாக்கா?" என்றாள் கோமளா. "வரும்டி. தாம்பூலம் வாங்கிகினு போகும்" என்றாள் வேம்புலியம்மாள்.

கார்த்திகை பிறந்து பத்தாம் நாள் அகல்யா போனும் கையுமாக ஏரிக்கரைக்கு வந்தாள். இரண்டு வருஷமாக மழை வந்தால் கலங்கலைப் பார்க்க வருவாள், பார்ப்பாள், போவாள். பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் இருக்காது.

"நாளைக்கு ரெட் அலர்ட்டுங்க."

"தெரியும்மா."

"வலை?"

"கட்ட மாட்டேன்."

"பாக்கறேங்க" என்று போய்விட்டாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஆரம்பித்த மழை நிற்கவே இல்லை. எட்டு மணிக்கு ஏரி தளும்பியது. ஒன்பது மணிக்குக் கலங்கல் வழிந்தது. ஊர் புடவையோடும் கொசுவலையோடும் வாய்க்காலில் இறங்கிவிட்டது. அங்கே காவலுக்குக் கோமளாவை நிறுத்திவிட்டு, வேம்புலியம்மாள் குழுவில் வயசில் சின்னவளான ராணியோடு பட்டி வாசலில் இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மீன் வரவில்லை.

ஒன்பதரை. ஒரு வால் கூட அசையவில்லை. பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றி வைத்திருந்த போன் அடித்தது. கோமளா.

"அக்கா, போவுதுக்கா! ரெண்டு கட்லா தாண்டிச்சு, இம்மாம் பெருசு! ஊரு கூவுது கேக்குதா? அக்கா, நான் ஒண்ணு சொன்னா திட்டாத. பழைய வலைய கோணியில எட்த்தாந்து கீறேன். அரை மணி நேரம் கட்டிட்டு அவுத்துரலாம். இந்த மழையில எவன் பாக்கறான்?"

வேம்புலியம்மாளுக்கு மனசு ஆடியது. ஆடவில்லை என்று நான் எழுதினால் அது பொய். அரைமணி நேரம்தானே. கட்டிவிட்டு அவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியும். பக்கத்தில் ராணி குளிரில் பல் கிடுகிடுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராணி வீட்டில் இந்த மீனை விட்டால் வேறு வரும்படி கிடையாது.

அப்போது அவளுக்குக் கட்டில் மேல் நின்ற குழந்தை ஞாபகம் வந்தது. அவள் பார்க்காத காட்சி அது, அகல்யா கத்தியபோது காதில் விழுந்ததுதான்.

"கோமளா. அந்தக் கோணி மேல குந்து."

"அக்கா..."

"குந்துடின்றேன்! எய்ந்துட்டன்னு தெரிஞ்சுது, வந்து கால உட்ச்சுருவேன்."

போனை வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டாள். அப்படியே வைத்திருந்தாள். "ராணி, கைய வுட்டு பாரு. புதுத்தண்ணி சில்லுனு இருக்கணும். இது நேத்து தண்ணி, வெதுவெதுன்னு கீது. கால்வாத் தண்ணி எங்கடி போவுது?"

இரண்டு பேரும் கால்வாயோரம் மேலே ஓடினார்கள். போய்ப் பார்த்தால் மூங்கில் படலில் மேட்டுப் பக்கத்து நகர்களின் குப்பை முழுவதும் வந்து அடைத்திருந்தது. தெர்மகோல், இளநீர் மட்டை, டயர், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு இரட்டைக் கட்டில் மெத்தை. தண்ணீர் போக வழியில்லாமல் பக்கத்துக் காலி மனைகளில் புகுந்து, சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தது. பட்டிக்குள் சொட்டுப் புதுத்தண்ணீர் கிடையாது.

"அடச் சீ!" என்று வேம்புலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அங்க வலைய கட்டி அடச்சேன், இங்க படல கட்டி அடச்சிகினு நிக்கிறேன். எனக்கு புத்தி வரவே வராதா?"

இறங்கி இழுத்தார்கள். மெத்தை தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது, இரண்டு பேர் இழுப்புக்கு அசையவில்லை. ராணி ஆள் கூப்பிடத் திரும்பும்போது கரைமேல் மஞ்சள் மழைக்கோட்டில் அகல்யா நின்றுகொண்டிருந்தாள்.

"கலங்கலைப் பாத்துட்டுத்தானுங்க வர்றேன்" என்றாள். "வலை இல்லை. ஒரு அக்கா மட்டும் கோணி மேல உக்காந்து அழுதுட்டிருக்காங்க. இங்க என்னங்க ஆச்சு?"

"அடச்சிகிச்சும்மா. இத எட்த்தாத்தான் மீனு உள்ள வரும். வராங்காட்டி மொத்தமும் கலங்கல் வழியா போய்டும். அவ்ளோதான்."

அகல்யா ஒரு நிமிஷம் தண்ணீரைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"உனக்கு ஆபீசு இல்லியா?"

"மீட்டிங் ஓடிட்டுத்தான் இருக்குதுங்க. கேமராவை ஆஃப் பண்ணிட்டு வந்துட்டேன். எந்தப் பக்கம் புடிக்கோணும்?"

மூன்று பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். முதல் இழுப்பில் அகல்யா சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தாள். வேம்புலியம்மாள் சிரித்துவிட்டாள், அகல்யாவும் சிரித்தாள். மூன்றாவது இழுப்பில் மெத்தை பிடுங்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் தண்ணீர் ஹோவென்று இரைந்துகொண்டு படல் வழியாகப் பாய்ந்தது.

"ராணி, நீ இங்கயே நில்லு. குப்பை வர வர வாரி போடு. படல சும்மா வுடவே கூடாது!" என்று சொல்லிவிட்டு வேம்புலியம்மாள் பட்டிக்கு ஓடினாள். அகல்யாவும் பின்னாலேயே ஓடினாள்.

பட்டிக்குள் செந்தண்ணீர் விழுந்து பரவியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். வேம்புலியம்மாளின் காலில் ஏதோ உரசிக்கொண்டு போனது.

"வந்துட்டான்" என்றாள், மெதுவாக.

அப்புறம் அவன் அண்ணன் தம்பி, சித்தப்பன் பெரியப்பன் எல்லாரும் வந்தார்கள். வாசலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது. முதுகு மேல் முதுகு. ஒரு கட்லா துள்ளி அகல்யாவின் தோளில் அறைந்துவிட்டு உள்ளே போனது. "ஐயோ! மூடலாமுங்களா? மூடலாமுங்களா?" என்று அவள் குதித்தாள்.

"இரு. சின்னதுங்கதான் முந்திகினு வரும். பெருசுங்க மெதுவா வரும்." கால் மணி நேரம் கயிற்றை இழுக்கவில்லை. வாசலில் கூட்டம் குறைந்து, நின்று நிதானமாக நாலைந்து கிழட்டு ரோகு உள்ளே நுழைந்த பிறகு, "இப்ப!" என்று இழுத்தாள். வலை விழுந்தது. வேம்புலியம்மாள் கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த அழுகை கோடையில் அழுத மாதிரி இல்லை. அழுதுகொண்டே கோமளாவுக்கு போன் போட்டு, "எய்ந்துருடி, வந்து பாருடி" என்றாள்.

கலங்கலில் அன்றைக்கு ஊருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஜிலேபி மீனும் பொடிக் கெண்டையும்தான். பட்டியில் முக்கால்வாசி மீன் நின்றது. மத்தியானம் மழை விட்டபோது கலங்கல் தடையில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. பொன்மலர் அவென்யூவில் தண்ணீர் கேட்டுக்கு வெளியேயே நின்றுவிட்டது.

அகல்யா அவளை டீ குடிக்கக் கூப்பிட்டாள். வேம்புலியம்மாள் கேட்டுக்கு வெளியே நின்று, "காலெல்லாம் சேறும்மா" என்றாள். "எனக்கும்தானுங்க" என்று அகல்யா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

காய்ந்த தரை. புதுசாக வெள்ளையடித்த சுவர். ஆனால் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் அடிக்காமல் விட்டிருந்தது. அதில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் கோணல்மாணலாகக் குழந்தை எழுத்து: "இது வரைக்கும் தண்ணி வந்தது. வர்ஷா."

வேம்புலியம்மாள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

அகல்யா உள்ளே போய் டீயோடு வந்தாள். டம்ளரைக் கொடுத்த கையாலேயே ஒரு ரப்பரையும் நீட்டினாள். வர்ஷாவின் பள்ளிக்கூட ரப்பர். "பெயிண்ட் அடிக்கறவர்கிட்ட நான்தான் இதை விடச் சொன்னேங்க. நீங்களே அழிச்சிருங்கக்கா" என்றாள். வேம்புலியம்மாளை அவள் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வேம்புலியம்மாள் ரப்பரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். திருப்பி அகல்யா கையிலேயே வைத்து மூடினாள்.

"வாணாம்மா, இருக்கட்டும். காலைல அரை மணி நேரம் கட்டிரலாமான்னு எனக்கே தோணிச்சு. அதனால இது இருக்கட்டும். வருஷா வருஷம் ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி நான் வந்து இத ஒருதபா பாத்துட்டு போறேன்."

அகல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வரும்போது மீன் கொண்டாருவீங்களா?" என்றாள்.

"கொண்டாறேன். டீல சக்கரை போட்டியாம்மா? சப்புனு கீது" என்றாள் வேம்புலியம்மாள்.